வந்தாச்சா

10-8-72, வியாழன்

காலையிலேயே வெக்கை. டவுன் பஸ்ஸில் நின்றபடியே காரைக்குடி வந்தேன். வாங்க வேண்டியது: பிளேடு, சிவப்பு மை, செல்விக்கு மாதுளை.

பள்ளி வாசலில் செயலாளர். பியூன் பெருமாளிடம், "வாங்க பெருமாள், காப்பி குடிச்சீகளா?" என்னைப் பார்த்து, "வந்தாச்சா?"

ஆறு வருஷமாக இதே கூத்து. வந்தாச்சா, சாப்பிட்டாச்சா, பாடம் முடிஞ்சாச்சா. யார் வந்தது? யார் சாப்பிட்டது? 'நீ' என்று சொல்லச் சட்டத்துக்குப் பயம். 'நீங்க' என்று சொல்ல நாக்குக் கூசுகிறது. சேரியில் பிறந்த வாத்தியாருக்கென்றே ஒரு தனி இலக்கணம். அப்பாவை ஊரில் நண்டும் சிண்டும் 'வாடா' என்றது. மகன் எம்.ஏ. படித்து 'வந்தாச்சா' ஆகியிருக்கிறான். முன்னேற்றம்தான், யார் இல்லையென்றது.

12-8, சனி

செல்விக்கு எட்டாம் மாதம். போன தடவை வலி கண்டபோது ஊரில் ஒருவனும் வண்டி தரவில்லை. எங்கள் முதல் பிள்ளை தங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் செயலாளரின் வீடு ஒன்று சும்மா பூட்டிக் கிடக்கிறது. இன்று வாடகைக்குக் கேட்டுவிட்டேன்.

"பாப்போம். சுதந்திர தினத்துக்கு அமெரிக்காவுலேர்ந்து ஒரு நீக்ரோ புரொபசர் வாராக. அவுக இங்கிலீசைத் தமிழ்ல சொல்லணும். அது முடியட்டும்."

முகம் பார்த்திராத ஆளுக்கு 'வாராக'. எனக்குச் 'சொல்லணும்'.

செல்வி நம்புகிறாள். "பாப்போம்னாகல்ல, குடுப்பாக." பைத்தியம். நானும்தான்.

15-8, செவ்வாய்

கொடி, மிட்டாய், தூறல். புரொபசர் நல்ல உயரம், மெதுவான பேச்சு. ஓட்டுரிமை, பஸ்ஸில் இடம், எல்லாம் சட்டத்தில் வந்துவிட்டதாம். ஆனாலும் அவர் அப்பாவை அறுபது வயதில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் 'பாய்' என்று கூப்பிட்டார்களாம். 'பையா' என்று சொல்ல வாயெடுத்தேன். "'டேய்' என்று கூப்பிட்டார்கள்" என்றேன். முன்வரிசையில் செயலாளர் உச்சுக் கொட்டினார். "அடப்பாவிகளா, வயசான மனுசனைப் போயி!" ஒரே கைதட்டல்.

மதியம் செயலாளர் வீட்டில் விருந்து. புரொபசர் இலைமுன். நான் பின்னால் நின்று மொழிபெயர்ப்பு. பசி. திடீரென்று அவர், "இவர் ஏன் சாப்பிடவில்லை?" அதையும் நானேதான் தமிழில் கேட்கவேண்டியிருந்தது.

செயலாளர் சிரித்த முகமாக, "அவுகளுக்கு இன்னைக்கு விரதம்."

ஆறு வருஷத்தில் முதல்முறையாக 'அவுக' ஆனேன், ஒரு பொய்க்குள். செல்வியை நினைத்துக்கொண்டு, அதையும் இங்கிலீஷில் சொன்னேன். புரொபசர் என்னைப் பக்தியோடு பார்த்தார். செருப்பால் அடித்திருக்கலாம்.

16-8, புதன்

செயலாளரிடம் போனேன். பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. "அந்த வீட்டுக்கு ஆள் வந்தாச்சே."

வரும் வழியில் பார்த்தேன். அதே பூட்டு, துருவோடு.

செல்வி வாசலிலேயே நின்றாள்.

"வீட்டைப் பத்திக் கேட்டீகளா?"

"கேட்டாச்சு."

"என்ன சொன்னாக?"

"இல்லைன்னு சொல்லியாச்சு."

"யாருகிட்டப் பேசுறீக? என்கிட்டயா?"

வண்டிக்கு இப்போதே சொல்லிவைக்க வேண்டும். யாரிடம்?