ஏசி ஓடிய ஆறு மணி நேரம்

மார்ச் 5, 2025, புதன்

இன்று இரண்டு சிப்தான் முடிந்தது. நாலாவது நோன்பு. மன்னார்புரத்தில் நான் வேலை செய்யும் கம்ப்யூட்டர் கடையின் பின்னறைக்குத் தகரக் கூரை. பதினொரு மணிக்கே சுவரில் தொங்கும் தெர்மாமீட்டர் 37 காட்டியது.

வேலை சுலபம், பொறுமைதான் வேண்டும். ஒரே கம்பெனி, ஒரே மாடல் ப்ராசஸர் என்றாலும் எல்லாம் ஒன்றுபோல ஓடாது. கம்பெனி சொல்லும் வேகத்துக்கு மேலே ஓவர்கிளாக் செய்தால் சில தாங்கும், சில நின்றுவிடும். எது எதுவரை தாங்குகிறது என்று இரண்டு மூன்று மெஷினில் ஒரே நேரத்தில் ஆறு மணி நேரம் ஓட்டிப் பார்த்து, வேகத்தையும் தேதியையும் ஸ்டிக்கரில் எழுதிப் பெட்டிமேல் ஒட்டுவேன். கீழே 'ஸ' என்று ஓர் எழுத்து. ஸஹ்ராவின் ஸ. அதைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள்.

சேர்ந்த அன்றே கடைக்காரர் பிரிட்டோ சார் சொன்னது: "பின்னாடி இருக்கிற ஏசி என் மத்தியானத் தூக்கத்துக்கு. டெஸ்ட் ஓடுறப்ப தொடவே கூடாது. வாங்குறவங்க எல்லாரும் ஏசி ரூம்லயா இருக்காங்க?"

யாரிடமும் பேச வேண்டியதில்லை. அதனாலேயே இந்த வேலை பிடித்திருக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் ஒருநாள் எல்லோர் முன்னாலும் பேசச் சொன்னார்கள். எழுந்தேன், ஒரு வார்த்தை வரவில்லை, உட்கார்ந்தேன். மறுநாள் போகவில்லை. பிறகு போகவே இல்லை.

மார்ச் 8, சனி

ஏசி போட்டேன்.

எழுதிவிட்டேன். இனி அடிக்க முடியாது.

ஏழாம் நம்பர் சிப் காலையில் 5.2 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் இரண்டு தடவை நின்றது. சார் வெளியே போயிருந்தார். எனக்குத் தலை சுற்றியது, கண் இருட்டியது. கொஞ்ச நேரம்தான் என்று ரிமோட்டை அழுத்தினேன். அறை குளிர்ந்ததும் ஏழாம் நம்பரும் ஓட ஆரம்பித்தது. 5.2இல் ஓடியது. 5.3க்கு ஏற்றினேன், அதிலும் ஓடியது. அணைக்கலாம் என்று எத்தனை தடவை ரிமோட்டைக் கையில் எடுத்தேன்! அணைக்கவில்லை. மாலை வரை ஓட்டினேன். ஸ்டிக்கரும் எழுதினேன்.

சார் வண்டியின் சத்தம் கேட்டதும் அணைத்தேன். அப்போது மட்டும் கை எவ்வளவு வேகம்!

முன்னறையிலிருந்தே கேட்டார். "ஏழு என்னாச்சு?" வாசலில் நின்று ஸ்டிக்கரைக் காட்டினேன். "5.3ஆ! இந்த வருஷத்துக்கே இதான் மொதல்! ஏசி கீசி போடலயே?"

இல்லை என்று தலையாட்டினேன்.

நோன்பு திறந்த பேரீச்சம்பழக் கொட்டையை விரலில் உருட்டிக்கொண்டிருந்தேன். "ஏண்டி, கஞ்சி ஆறுது, குடி"ன்னு அம்மா சொல்லிக்கிட்டே இருந்தாங்க.

மார்ச் 9, ஞாயிறு

கடை லீவு. நாளைக்கு முதல் வேலை, ஏழாம் நம்பரை வெயிலில் இன்னொரு தடவை ஓட்ட வேண்டும்.

மார்ச் 10, திங்கள்

போய்ச் சேர்வதற்குள் ஏழாம் நம்பருக்குப் பில் போட்டாயிற்று.

வாங்கியவர் ஸ்ரீரங்கத்து ரஞ்சனி அக்கா. இருபத்தைந்து வயது இருக்கும். கட்டப்போகிற வீட்டுக்குள் நடந்துபோவதுபோல கம்ப்யூட்டரில் வீடியோ செய்து தரும் வேலை. முதல் பெரிய ஆர்டர் கிடைத்திருக்கிறதாம். சனிக்கிழமை சார் கடையின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட ஸ்டிக்கர் போட்டோவைப் பார்த்துவிட்டு, கடை திறக்கும் முன்பே வந்து நின்றிருக்கிறார்.

"இந்த 'ஸ' நீங்கதானா? நான் யாரோ தாடி வச்ச ஆளுன்னு நெனச்சேன்!" என்று சிரித்தார். பிறகு சாரிடம் கேட்டார். "என் ரூம் மொட்டமாடில இருக்குங்க, அடுப்பு மாதிரி. அங்க ஓடுமா?"

"எங்க பொண்ணு நோன்போட அந்தத் தகரக் கொட்டாயில வெந்து டெஸ்ட் பண்ணியிருக்கு. ஓடாம போயிடுமா?"

நான் அங்கேயே நின்றேன். வாய் இருந்தது எனக்கு. எதற்கு இருந்தது?

மார்ச் 14, வெள்ளி

ரஞ்சனி அக்கா போன். மெஷின் நின்று நின்று போகிறதாம். சிப்பைக் குளிர்விக்கும் கூலர் சரியாக உட்கார்ந்திருக்காது, கழற்றி மாட்டுங்கள் என்றார் சார். "சரிங்க, நான்தான் ஏதோ தப்பாப் பண்ணியிருப்பேன்" என்று அந்தப் பக்கம் சொன்னது என் மேஜை வரை கேட்டது.

மார்ச் 18, செவ்வாய்

ரஞ்சனி அக்கா மெஷினையே ஸ்கூட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். முன்னறையில் போட்டு ஓட்டினோம். நான்கு மணி நேரம், ஒரு தடவைகூட நிற்கவில்லை.

முன்னறையில் எப்போதும் ஏசி ஓடும்.

"பாத்தீங்களா, சிப்ல ஒண்ணுமில்ல. உங்க வீட்டு கரண்ட்டப் பாருங்க" என்றார் சார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது.

"மூணு நாள் விடாம ஓடினாத்தாங்க வீடியோ முடியும். தெனம் மத்தியானம் ரெண்டு மணிக்கு நின்னுடுது. மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிக்கணும். இருபத்தஞ்சாம் தேதி கொடுத்தாகணும்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மூணு தடவ கழட்டி மாட்டிட்டேன். பொம்பள கைல மாட்டின மெஷின் அப்படித்தான் இருக்கும்னு எங்கண்ணன் சிரிக்கிறான்."

ரெண்டு மணி. மாடியில் வெயில் ஏறும் நேரம். எனக்குத் தெரியும்! வேகத்தைக் குறைத்து வைத்தால் ஓடும் என்றும் தெரியும். ஸ்டிக்கரில் 5.3 என்று இருப்பதால் அந்த அக்கா குறைக்கவில்லை. ஸ்டிக்கரை நம்புகிறார், தன் கையை நம்பவில்லை.

கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். கிளம்பும்போது, "வரேன் ஸஹ்ரா, நோன்போட உங்களையும் அலைக்கழிச்சிட்டேன்" என்று எனக்கும் சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச் 19, புதன்

சொல்லவில்லை.

மார்ச் 20, வியாழன்

'5.0ல வச்சுப் பாருங்க' என்று மெசேஜ் எழுதினேன். ஏன் என்று கேட்டால்? அழித்தேன். சொன்னா வேலை போயிடும். போனா எங்கே போவேன்? திரும்ப யார் முன்னாடி நிக்கிறது? எனக்குப் பயமா இருக்கு. பட்டினி கிடந்தால் மட்டும் நோன்பா?

மார்ச் 23, ஞாயிறு

போனேன்.

பில்லில் இருந்த முகவரி, கீழ உத்திர வீதி. எங்கள் வீடு இருக்கும் தென்னூரிலிருந்து இரண்டு பஸ். இரண்டிலும் இடம் இருந்தும் உட்காரவில்லை. பையில் கடைச் சுவரின் தெர்மாமீட்டர், நேற்றே கழற்றி எடுத்து வந்துவிட்டேன். பேச்சு வராவிட்டால் இதையாவது காட்டலாம் என்று.

மாடி அறையில் மெஷினின் பக்கக் கதவு திறந்து கிடந்தது. பக்கத்தில் பெடஸ்டல் ஃபேன். தெர்மாமீட்டரை மேஜைமேல் வைத்தேன். 40 ஏறியது.

"என்ன இது?"

"அக்கா, நான் டெஸ்ட் பண்ணப்ப 24 இருந்திருக்கும். ஏசி போட்டேன். சாருக்குத் தெரியாது. உங்க கை சரியாத்தான் இருக்கு."

பஸ்ஸில் மனப்பாடம் செய்தது இதைவிட நீளம். இவ்வளவுதான் வந்தது.

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். தெர்மாமீட்டரைக் கையில் எடுத்துப் பார்த்தார். "அன்னிக்கு நான் கடையில அழுதேனே. அப்பவும் அங்கதான நின்ன?" என்றார். அதுவரை 'நீங்க' என்று பேசியவர்.

"ஆமா."

5.0இல் வைத்தோம். ரெண்டு மணி தாண்டியது, மூன்று தாண்டியது. நிற்கவில்லை. சந்தோஷமும் வரவில்லை. "போ, நோன்பு தெறக்கிற நேரத்துக்குள்ள வீட்டுக்குப் போய்ச் சேரு" என்று மட்டும் சொன்னார். கீழே வந்து வழியனுப்பவில்லை.

மார்ச் 24, திங்கள்

சாரிடம் சொன்னேன். நின்றுகொண்டே, முழுதாக. அவர் ஏசி ரிமோட்டை எடுத்து அலமாரியில் பூட்டினார். பிறகு என் முன்னாலேயே ரஞ்சனி அக்காவுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டார். நான் செய்ததற்கு அவர்.

"மயக்கம் வந்தா சொல்லியிருக்கலாம்ல? டெஸ்ட்ட நிறுத்திட்டுப் படுத்திருக்கலாம். நான் என்ன புலியா?"

நாளையிலிருந்து வேண்டாம் என்பார் என்று காத்திருந்தேன். "இந்த மாசம் டெஸ்ட் பண்ணி வச்ச எல்லா சிப்பையும் திரும்ப ஓட்டு. ஸ்டிக்கர்ல உன் எழுத்து வேணாம்."

மார்ச் 31, திங்கள்

பெருநாள். அம்மா புதுத்துணி போட்டுவிட்டு, "மூஞ்சிய சிரிச்சாப்ல வையேன்" என்றார். வைத்தேன்.

ஏப்ரல் 3, வியாழன்

ரஞ்சனி அக்காவுக்கு நானே போன் செய்தேன். யாருக்கும் நானாகப் போன் செய்தது இதுதான் முதல் தடவை. வீடியோ இரண்டு நாள் தாமதமாகப் போனதாம். ஆர்டர் கொடுத்தவர்கள் வாங்கிக்கொண்டார்களாம். அடுத்து கட்டப்போகிற வீட்டின் வீடியோவை மட்டும் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

சாரி அக்கா என்றேன்.

"ம்" என்றார். பிறகு, "எங்கண்ணன்கிட்ட சொல்லிட்டேன், மெஷின் மேல தப்பில்லன்னு. மாட்டின கை மேலயும் இல்லன்னு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஏப்ரல் 17, வியாழன்

புதிதாகப் பத்து சிப். ஒன்றுகூட 5.1ஐத் தாண்டவில்லை. ஸ்டிக்கரில் இப்போது வேகத்துக்குப் பக்கத்தில் அறைச் சூட்டையும் எழுதுகிறேன். சார் சொல்லவில்லை, நானாகத்தான்.

மதியம் முன்னறையில் ஒருவர், தஞ்சாவூரிலிருந்து வந்தவர், 5.3 வேண்டும் என்று நின்றார். சார் போனில் இருந்தார். நான் எழுந்து போனேன்.

"இல்லங்க. இது 5.1தான், 39 டிகிரில. அதுக்கு மேல ஓடல."

"குரூப்ல 5.3 போட்டிருந்தீங்களே?"

"அது தப்பா எழுதினது. நான்தான் எழுதினேன்."

வாங்காமல் போய்விட்டார். சார் போனை வைத்துவிட்டு அந்தப் பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பேனாவோடு சேர்த்து என் பக்கம் தள்ளினார்.

"கீழ எழுத்து விட்டுப்போயிருக்கு பாரு."

எழுதினேன். சுழி கோணலாக விழுந்தது. ரஞ்சனி அக்கா பார்த்தால் நம்புவாரா, தெரியவில்லை.