மருமகளின் சிவப்பு ஐசி

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே புழுக்கம். பாசாரில் மீன் நன்றாக இல்லை, கத்திரிக்காயோடு திரும்பினேன். லிஃப்ட் மறுபடியும் கெட்டுக் கிடக்கிறது. ஏழு மாடி. முட்டிக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

மருமகள் பவானியின் பாஸ்போர்ட்டில் உள்ள அனுமதி இந்த மாதக் கடைசியில் முடிகிறது. அதைப் புதுப்பிக்காமல் அவள் இந்தியாவுக்குப் போனால் திரும்பி வருவது கஷ்டம். போன தடவை அதைப் புதுப்பிக்க என் மகன் குமரன் கூடப் போனான். புருஷன் இதோ நிற்கிறான், வேலை முடிந்தது. இந்தத் தடவை?

என் மகனும் மருமகளும் பிரிவதென்று முடிவு செய்து ஒரு மாதம் ஆகிறது. சண்டை இல்லை. சண்டை என்றாலாவது நடுவில் புகுந்து நாலு வார்த்தை கத்தியிருப்பேன். அவன் ஜொகூரில் தங்கி சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் வருவான். அவள் என்னோடு இந்த வீட்டில். நாலு வருஷமாக இப்படி. "நாங்க ரெண்டு பேரும் விருந்தாளி மாதிரி ஆயிட்டோம் அத்தை" என்றாள். சாம்பாரைக் கிண்டினேன்.

கீழ் வீட்டு லெட்சுமி படியில் மடக்கினாள். "டைவர்ஸ் ஆச்சுன்னா சிவப்பு ஐசிய திரும்ப வாங்கிக்குவாங்களாம் சரோஜாக்கா. என் மச்சான் சொன்னாரு." அவள் மச்சான் டயர் கடை வைத்திருக்கிறார். இருந்தாலும் நாளைக்கே வக்கீலைப் பார்த்துவிட வேண்டும்.

இந்த நாட்டிலேயே பிறந்த நமக்கெல்லாம் அடையாள அட்டை நீலம், நீல ஐசி. வெளிநாட்டில் பிறந்து இங்கே நிரந்தரமாகத் தங்குகிறவர்களுக்குச் சிவப்பு. பவானிக்குக் கும்பகோணத்துப் பக்கம். கல்யாணமாகி வந்து, திரும்பத் திரும்ப விசாவுக்கு அலைந்து, அந்த அட்டை கைக்கு வந்த நாளில் சிரித்துக்கொண்டே அழுதாள். அன்றைக்குக் கேசரி செய்தேன். நெய் அதிகம்.

ஜூலை 8, செவ்வாய்

வெயில். பவானியோடு டவுனுக்குப் போய் வக்கீலைப் பார்த்தோம். சின்னப் பெண். பல்லுக்குக் கம்பி போட்டிருக்கிறாள்.

"ஐசி அவங்க பேர்ல இருக்கு ஆண்ட்டி. டைவர்ஸ் ஆனதுக்காக மட்டும் அது தானா போயிடாது. ரொம்ப நாள் வெளிநாட்டுல இருந்துடாதீங்க. தீர்ப்பு வந்ததும் ரெக்கார்ட்ல மாத்திடுங்க. முக்கியமா, கேட்டா பொய் சொல்லாதீங்க."

"போயிடாது"-க்கு முன்னால் ஒரு "மட்டும்" வைத்தாளே, அதுதான் என்னைத் தூங்கவிடாது. டயர்க் கடைக்காரர் ஒன்று சொல்கிறார், பல்லுக்குக் கம்பி போட்ட பெண் வேறொன்று சொல்கிறாள். நான் எதற்கும் பயந்து வைப்பது என்று தீர்மானித்தேன்.

குமரனுக்கு ஃபோன். அடுத்த திங்கள் லீவு போட்டு வா, கூடப் போய் நில், அப்புறம் நீங்கள் பிரிவதைப் பற்றிப் பேசலாம் என்றேன். ஒரு கேள்வி கேட்கவில்லை. "வரேன்மா. பவானிக்கு அது முக்கியம்" என்றான். நல்ல பையன். நல்ல பையன் ஏன் நல்ல புருஷனாக இல்லை, யாரைக் கேட்பது.

துவைக்கும் பவுடர் தீர்ந்துவிட்டது.

ஜூலை 11, வெள்ளி

சாயந்திரம் நல்ல மழை. பவானி அக்கரையிலுள்ள பட்டர்வொர்த்திலிருந்து வர எட்டு ஆகிவிட்டது. அங்கே ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கணக்கு எழுதுகிறாள். பஸ், ஃபெரி, மறுபடி பஸ், அப்புறம் எங்கள் ஏழு மாடி. ஈரச் செருப்போடு வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். துண்டு கொடுத்தேன்.

மனசில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். ஊருக்கே போய்விடலாம் என்று தோன்றவில்லையா?

தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்: "அங்க போனா நான் வாழாம திரும்பி வந்தவ. தெருவுல நாலு பேரு நிறுத்தி விசாரிப்பாங்க. இங்க என்னை எட்டு மணிக்குக் கடைய திறக்க வேண்டியவளா மட்டும்தான் பாக்குறாங்க. எனக்கு அது போதும் லா."

பத்து வருஷத்தில் இந்த ஊர் 'லா' நன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டது.

அவள் போய்விட்டால் என்ற நினைப்பே எனக்கு ஆகவில்லை. வீட்டுக்காரர் போன பிறகு இந்த வீட்டில் எனக்கு முகம் பார்த்துப் பேச இருப்பவள் அவள்தான். பெற்றவன் ஃபோனில் இருக்கிறான். இதை எழுதத்தான் முடிகிறது, சொல்ல வரவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

குமரன் காலை பஸ்ஸில் வந்தான். இளைத்திருக்கிறான். ஹாலில் பாய் போட்டுக் கொடுத்தேன். தலையணை உறை பவானி மாற்றினாள்.

மத்தியானம் ஒத்திகை. என் யோசனைதான். இமிகிரேஷன் ஆபீசில் புருஷன் பெண்டாட்டியைத் துருவித் துருவிக் கேட்பார்களாம் (லெட்சுமியின் மச்சான்). நான் ஆபீசர். மூக்குக்கண்ணாடியோடு சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் லைன் லீடராக இருந்தவள். நான் கேள்வி கேட்டால் ஆம்பிளைகளே முழிப்பார்கள்.

"மனைவி எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவாங்க?"

குமரன்: "அஞ்சரை?"

பவானி: "ஏழரை. ஃபெரிய விட்டுட்டா எட்டு."

"காலையில என்ன குடிப்பாங்க?"

"காப்பி."

"காப்பிய விட்டு ரெண்டு வருஷம் ஆச்சுங்க. வயித்து எரிச்சல்."

"சொல்லவே இல்லையே நீ."

"நீங்க கேக்கல. நானும் சொல்லல. விடுங்க."

அடுத்து அவள் முறை. எல்லாம் சரி. அவனுடைய ஷிஃப்ட், சூப்பர்வைசர் பெயர், எந்தத் தோளில் வலி, பிரஷர் மாத்திரை எப்போது ஆரம்பித்தான். அவன் வாயைப் பிளந்தான். "உனக்கு எப்படித் தெரியும்?"

"அத்தை சொல்லுவாங்க."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றினேன். ஆமாம். அவன் எனக்கு ஃபோன் பண்ணுவான், நான் அவளிடம் சொல்வேன். அவள் கேட்பதை நான் அவனிடம் கேட்பேன். நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். நான் பேசி முடித்த பிறகு அவர்களுக்குள் பேச மிச்சம் ஏதும் இருந்திருக்காது போல.

சமாளிக்க ஏதாவது கேட்கவேண்டுமே. "சரி, உங்க மனைவிக்கு எதைக் கண்டா பயம்?"

சட்டென்று சொன்னான்: "லிஃப்டுல தனியா போறது. லிஃப்ட் நல்லா இருந்தாலும் படியிலதான் ஏறுவா."

உடம்பு இளைக்க நடக்கிறாள் என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பவானி அவனைப் பார்த்தாள். "ஞாபகம் வச்சிருக்கீங்க." அப்புறம் இரண்டு பேரும் எதற்கோ சிரித்தார்கள். மூன்று வருஷமாகக் கேட்காத சிரிப்பு.

பாயசம் வைத்தேன். பயல் இரண்டு கிண்ணம். எனக்குள் ஒரு கிறுக்கி குதித்துக்கொண்டிருந்தாள், அடக்கமுடியவில்லை.

ஜூலை 14, திங்கள்

மேகமூட்டம். சீக்கிரமே கிளம்பினோம். பாஸ்போர்ட், ஐசி, நகல்கள், படம், கல்யாணப் பத்திரம், குடை, என் மாத்திரை. படத்தில் பவானி முறைக்கிறாள். இமி. ஆபீசில் எல்லோரும் முறைத்த படம்தான் வைத்திருக்கிறார்கள்.

நீள வரிசை. குமரன் இரண்டு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்கிவந்தான். எனக்கு ஒன்று, அவர்கள் இருவருக்கும் ஒன்று. நெத்திலியை எல்லாம் அவள் பக்கம் ஒதுக்கினான். அவன் சட்டைக் காலர் மடங்கியிருந்ததை அவள் சரிசெய்தாள். பக்கத்திலிருந்த சீன அம்மா என்னைப் பார்த்துத் தலையாட்டினாள், நல்ல ஜோடி என்பதுபோல. நானும் தலையாட்டினேன்.

நம்பர் கூப்பிட்டதும் மூன்று பேரும் போய் நின்றோம். என்னை யாரும் கூப்பிடவில்லை. கவுண்டரில் ஒரு மலாய் அம்மா, களைத்த முகம். காகிதங்களைப் புரட்டினாள். கூட வந்திருப்பது புருஷனா என்றாள். குமரன் கையைத் தூக்கினான், பள்ளிக்கூடப் பையன் போல. அவ்வளவுதான். காப்பி இல்லை, தோள்வலி இல்லை, லிஃப்ட் இல்லை. டைப் அடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அப்போது பவானி வாயைத் திறந்தாள். அவளுடைய மலாயில், மெதுவாக: நாங்கள் பிரியப்போகிறோம், மனு இன்னும் போடவில்லை, அதை இப்போதே சொல்லவேண்டுமா?

பின்னாலிருந்து அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தேன். நிஜமாகவே இழுத்தேன்.

அந்த அம்மா முதல் தடவையாக நிமிர்ந்தாள். குமரனைப் பார்த்தாள், பவானியைப் பார்த்தாள். அடிப்பாரா என்று பவானியிடம் கேட்டாள். இல்லை என்றாள் பவானி. குமரன் சொன்னான், இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவு, இவள் மேல் ஒரு குறையும் இல்லை என்று.

கோர்ட்டுக் காகிதம் வந்ததும் பதிவிலாகாவில் மாற்றிக்கொள்ளுங்கள் என்றாள் அந்த அம்மா. இந்த அனுமதி உங்களுக்கு உள்ளது, இதற்கு இவர் வரவேண்டிய அவசியமே இல்லையே என்றாள். பிறகு என்னைக் காட்டி, இது யார்?

மாமியார் என்றேன்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மறுபடி டைப் அடித்தாள்.

அனுமதி கிடைத்துவிட்டது. வெளியே வந்ததும் பவானியைத் திட்டினேன். கேட்காததை ஏன் சொன்னாய்?

"பயந்துகிட்டே வாங்கினா அப்புறம் வச்சிருக்கவும் பயந்துகிட்டே இருக்கணும் அத்தை. பத்து வருஷம் பயந்தாச்சு."

சந்தோஷம்தான். மூன்று பேரும் மீ கோரெங் சாப்பிட்டோம். ஆனால் எனக்கு இறங்கவில்லை. அந்த மலாய் அம்மா "முடியாது, இன்னும் கொஞ்ச காலம் சேர்ந்து இருந்துவிட்டு வாருங்கள்" என்று சொல்லமாட்டாளா என்ற ஆசையில்தான் போய்ப் பின்னால் நின்றிருக்கிறேன். சர்க்கார் ஒட்டவைக்கும் என்று நினைத்திருக்கிறேன். புத்தி போகிற போக்கு.

ஜூலை 15, செவ்வாய்

இருவரும் வக்கீல் பெண்ணிடம் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். மத்தியானம் குமரன் கிளம்பினான். பஸ் நிலையம் வரை போனோம்.

"அம்மாவ பாத்துக்க" என்றான் பவானியிடம். என்னை யாரும் யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம், நான் என்ன பூனைக்குட்டியா என்று கேட்டேன். இருவரும் சிரித்தார்கள். அவள் அவனிடம், "மாத்திரைய விடாதீங்க. எப்பவாவது எனக்கே ஃபோன் பண்ணுங்க, அத்தை வழியா வேணாம்" என்றாள். அவன் அவள் கையைப் பிடித்துக் கொஞ்சம் நின்றான். நான் எதிர்ப்பக்கம் இருந்த போர்டைப் படித்தேன். என்ன போர்டு என்று இப்போது ஞாபகம் இல்லை.

திரும்பி வருகையில் கருவேப்பிலை வாங்க மறந்தோம்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. காலையில் தூறல்.

பவானி தோசையைப் பிட்டுக்கொண்டே சொன்னாள். "பட்டர்வொர்த்துல ஒரு ரூம் இருக்காம் அத்தை. கடையிலிருந்து நடந்தே போயிடலாம். ஞாயித்துக்கிழமை போய்ப் பாக்கலாம்னு."

"ஆடியில யாரும் வீடு மாற மாட்டாங்க."

"பாக்கத்தானே போறேன். மாறது ஆவணியில."

என்னிடமிருந்தே கற்றுக்கொண்டு என்னையே மடக்குகிறாள்.

சிவப்பு ஐசி இந்த நாட்டில் இருப்பதற்குத்தான். என் வீட்டில் இருப்பதற்கு அல்ல. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அந்தக் கம்பிப்பல் பெண் உட்பட.

நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். மாமியார்த்தனம் என்று ஒன்று இருக்கிறதே, இத்தனை வருஷம் உபயோகிக்காமல் வைத்திருந்தேன். ரசத்தில் உப்புப் போட மறந்து, வேண்டுமென்றே போடாத மாதிரி இருந்தேன். அவள் இரண்டு தரம் ஊற்றிக்கொண்டாள்.

ஜூலை 19, சனி

வெயில். மெத்தை உறை துவைத்தேன்.

லெட்சுமி: "பொண்ணு தனியா போகப் போறாளாமே. நீங்க விடுறீங்களா?" விடுவதற்கு அவள் என்ன கட்டிப்போட்ட ஆடா என்றேன். சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது.

சாயந்திரம் பவானி என் முட்டிக்குத் தைலம் தேய்த்தபடி: "நீங்களும் வாங்க அத்தை. எனக்கு வீடு பாக்கத் தெரியாது. நீங்க சரின்னு சொன்னாதான் எடுப்பேன்."

சொல்வதைச் செய்கிறவள். அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

நல்ல காற்று. ஃபெரியில் உட்கார இடம் கிடைத்தது. பவானி ஜன்னல் பக்கம். தினமும் போகிற கடல், இன்றைக்குத்தான் பார்க்கிறவள் மாதிரி பார்த்துக்கொண்டு வந்தாள்.

வரிசை வீடு ஒன்றின் பின்பக்க அறை. வீட்டுக்காரம்மா தமிழ் முஸ்லிம், விதவை. வந்ததும் தண்ணீர் கொடுத்தார். வாடகை நியாயம். நல்ல மனுஷி, அதுவே எனக்கு எரிச்சல்.

குறை தேடினேன். குழாயைத் திறந்தேன், தண்ணீர் வேகமாக வருகிறது. ஜன்னல் கம்பியை உலுக்கினேன், அசையவில்லை. தாழ்ப்பாள் புதுசு. சுவரில் ஓதம் இருக்கிறதா என்று மூலை மூலையாகக் கை வைத்துப் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் குனிந்தேன், தூசி கூட இல்லை. தெருவில் நாய் இருக்கிறதா என்று கேட்டேன், இல்லையாம்.

பவானி நடு அறையில் நின்றுகொண்டிருந்தாள். கைப்பையை இன்னும் தோளிலிருந்து இறக்கவில்லை. அலமாரியை எங்கே வைக்கலாம் என்று கண்ணால் அளந்துவிட்டாள், அதை நான் பார்த்துவிட்டேன்.

"எப்படி அத்தை?"

ஒரு குறை சொன்னால் போதும். வெளிச்சம் பத்தாது என்று ஒரு வார்த்தை. வேண்டாம் என்றுவிடுவாள், மறு பேச்சு இருக்காது, என்னோடு ஃபெரியில் திரும்பி வந்துவிடுவாள், நாளைக்கும் ஈரச் செருப்போடு எட்டு மணிக்கு வருவாள்.

"நல்லா இருக்கு" என்றேன். "எடுத்துக்க."