தேய்த்துவிட்ட விலகல்

மார்ச் 5, திங்கள்
உறுதியாகிவிட்டது. வாடிக்கையாளர் கடிதப்படி, நாங்கள் எஃகைக் காய்ச்சி அச்சில் அடித்தனுப்பிய, லாரிச் சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் கைகளில் ஒன்று கழுத்தில் மெலிந்திருக்கிறது. வேண்டியது 22 மில்லிமீட்டர், இருப்பது 20.6. பிப்ரவரி 8ஆம் தேதி அடித்த 340இல் ஒன்று. அளவுத் தாளில் என் கையெழுத்து.

மேல் அச்சும் கீழ் அச்சும் விலகினால் இரண்டும் சேரும் கோட்டில் ஒரு படி விழும். அதை அளப்பதுதான் என் வேலை. அன்று கடைசியாக எடுத்துப் பார்த்த துண்டுகளில் படியே இல்லை. 'நேர்த்தி' என்று எழுதியும் வைத்தேன். மயிரிழைப் படியாவது எப்போதும் இருக்கும்; படியே இல்லாத துண்டா? சந்தேகம் வர வேண்டாமா எனக்கு?

மார்ச் 6
இயந்திரச் சுத்தியல் ஓட்டும் இங்கோவைக் கேட்டேன். ரொட்டியை மென்றுகொண்டே சொன்னார்:
"பத்து மணிக்கு மேல அச்சைப் பிடிச்சிருக்கிற ஆப்பு இளகி அது நகந்துடுச்சு. படியை கிரைண்டர்ல தேச்சு விட்டேன். அன்னைக்குப் பெண்கள் கார்னிவல் திருவிழா. நீ கோமாளித் தொப்பியோட நிக்கிற. அளக்க உக்காந்தா ஊர்வலம் போயிடுமேன்னுதான்."
"எத்தனை துண்டு?"
"யாரு எண்ணுனா ரெகீ? உனக்கு நல்லதுன்னுதானே செஞ்சேன்."
நல்லதுதான். யாரைத் திட்டுவேன்? படியோடு கழுத்தும் தேய்ந்திருக்கிறது; கழுத்தின் கனத்துக்கு என் தாளில் கட்டமே இல்லை.

மார்ச் 7
மேலாளர் ஸ்டூட்டேயிடம், எல்லாவற்றையும் திரும்பக் கேட்கலாம் என்றேன்.
"ஒண்ணு மெலிஞ்சதுக்கு முன்னூத்தி நாப்பதுமா? கையெழுத்து உன்னுது, ஞாபகம் இருக்கா?"
"அதனாலதான் சார் கேக்குறேன்."
ஜன்னலைச் சாத்தினார்.

மார்ச் 8
திரும்பக் கேட்கும் கடிதம் போகவில்லை.

மார்ச் 9
நானே வாடிக்கையாளரின் தர அலுவலகத்துக்கு எழுதினேன். எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும் — இங்கோவின் பெயரையும் எழுதினேன். எழுதாமல் எப்படி?

மார்ச் 12
இங்கோ ஒரு துண்டைப் பிசிரோடு என் மேசையில் வைத்தார். "நல்லா அளந்துக்குங்க மேடம். நான் தொடவே இல்ல." பதினெட்டு வருஷத்தில் முதல் 'மேடம்'.

மார்ச் 14, புதன்
முதலில் பிடிபட்ட ஒன்று போக, 322 திரும்பி வந்தன. ஒவ்வொன்றாகக் கழுத்தை அளந்தேன். இருபத்தெட்டு மெலிந்தவை. இங்கோவைச் சுத்தியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். என்னை எடுக்கவில்லை.

மீதிப் பதினேழு ஏற்கெனவே லாரிகளில் பூட்டப்பட்டுச் சாலையில் ஓடுகின்றன. எவை மெலிந்தவை என்று தெரியாது. எந்தெந்த லாரிகள் என்று வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் சொல்வதாகத் தர அலுவலகம் எழுதியிருக்கிறது.