உங்கள் அக்கா விளையாடக் கற்றுக்கொண்டார்

என் அன்பு வேன்காரருக்கு,

ஊரில் எல்லாரும் உங்களை அப்படித்தான் கூப்பிட்டார்கள். நானும் கேலியாகக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, இப்போது மாற்ற வரவில்லை. உங்கள் வேனை இப்போது பெருமாள்மலைக்காரர் ஒருவர் ஓட்டுகிறார். ஏரிப் பக்கம் அது எதிரே வந்தால் நான் ஓட்டுகிறவரைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொள்கிறேன்.

ஒரு சேதி சொல்லத்தான் எழுதுகிறேன். உங்கள் ரீத்தா அக்கா நம் வீட்டில்தான் இருக்கிறார். அது மட்டுமில்லை. அவர் விளையாடுகிறார். நம்புவீர்களா?

போன மழைக்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. அடக்கத்துக்குத் திண்டுக்கல்லிலிருந்து வந்த ரீத்தா மதினி, எல்லாரும் கிளம்பிப் போன பிறகும் தன் பையை எடுக்கவில்லை. "நீ ஒத்தையில கெடக்க வேணாம். பள்ளிக்கூடத்துலருந்து ரிட்டயர் ஆனப்புறம் எனக்கும் அங்க ஒரு சோலியும் இல்ல" என்றார். நான் தலையாட்டினேன். உள்ளுக்குள் பயம்தான். என் முன்னாலேயே உங்களைக் கோமாளி என்று திட்டியவர் அல்லவா?

திட்டவும் காரணம் இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் நீங்கள் காகிதத்தை உருண்டையாக்கி மேசையில் வைத்து, வாயால் ஊதி என் பக்கம் கோல் போடுவீர்கள். பள்ளி விடுதியில் துணி வெளுத்துவிட்டு நான் அலுத்து வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருப்பீர்கள். பிள்ளையில்லாத வீடு என்று யாராவது இரக்கப்பட்டால், "இருக்கிற ஒண்ணையே மேய்க்க முடியல" என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். மதினி மட்டும் சிரித்ததில்லை.

அப்படிப்பட்டவரோடு இருந்தேன். காலையில் குக்கர் சத்தம், சாயங்காலம் செபமாலை, நடுவில் பேச்சே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பைபிள் வாசகம் வாசிக்கும் பொறுப்பைப் பங்குச்சாமி அவருக்குக் கொடுத்தார். அந்தக் குரல்தான் உங்களுக்குத் தெரியுமே, மைக் இல்லாமலே கடைசி பெஞ்சுக்குக் கேட்கும். வாரத்தில் அந்த நேரம் ஒன்றில்தான் அவர் முகத்தில் வெளிச்சத்தைப் பார்ப்பேன்.

தை மாதக் குளிரில் ஒருநாள், பள்ளங்கியில் ஒரு துக்க வீட்டுக்குப் போய்விட்டு பஸ்ஸில் சன்னல் ஓரமாக உட்கார்ந்து வந்தார். மறுநாள் வெள்ளனே எழுந்து காப்பி குடித்தபோது, வாயின் இடப்பக்கமாகக் காப்பி சேலையில் வழிந்தது. இடக்கண் மூடவில்லை. வாய் கோணிக்கொண்டது. உங்களுக்கு நடந்ததுதான் மறுபடியுமா என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, பக்கவாதம் இல்லை, முகவாதம் என்றார். முகத்துக்குப் போகும் நரம்பு வீங்கியிருக்கிறதாம். மாத்திரையும் கண்ணுக்குச் சொட்டு மருந்தும் கொடுத்தார். பயிற்சி சொல்லித்தரும் பெண் ஒருத்தி மதினியைக் கண்ணாடி முன்னால் உட்கார வைத்தாள். "டெய்லி பண்ணணும் டீச்சர். கன்னத்த உப்புங்க. விசிலடிங்க. மூக்கச் சுருக்குங்க. வாய வெரலால பிடிச்சுக்கிட்டுக்கூட ஊதலாம்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் மதினி கண்ணாடியைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தார். "பிள்ளைகளுக்கு முன்னாடி ஒருநாளும் பல்லக் காட்டாதவ நான். இந்த வயசுல கோமாளி வேசம் போடச் சொல்றியா?" என்று கேட்டார்.

அதன்பிறகு மஃப்ளரால் முகத்தைச் சுற்றிக்கொண்டார். சாப்பிடும்போது நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். சோறு வழிவதை நான் பார்த்துவிடக் கூடாதாம். கோயிலுக்கு வரவில்லை. சாமி வீடு தேடி வந்தபோது, "வாசகத்துக்கு வேற ஆளப் பாருங்க சாமி" என்று அறைக்குள் இருந்தே சொன்னார். அந்தப் பேச்சில் 'ப' எல்லாம் காற்றாகப் போயிற்று. உதடு ஒட்டினால்தானே 'ப' வரும்? சாமி போன பிறகு உள்ளே அழுகிற சத்தம் கேட்டது. கதவைத் தட்டக் கை போனது, தட்டவில்லை. ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று யோசித்தேன். நீங்கள் ஆறுதல் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

அன்று சாயங்காலம் பழைய பேப்பரைக் கிழித்து உருட்டினேன். மேசையில் வைத்து ஊதினேன். அது உருண்டு போய், மதினி சாப்பிட்டு மேசையில் வைத்த தட்டில் முட்டியது.

"கோல்" என்றேன்.

"என்ன இது?"

"உங்க தம்பி ஆட்டம் மதினி. நீங்க திருப்பி ஊதலன்னா நான் ஜெயிச்சிட்டேன்னு அர்த்தம்."

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மறுநாளும் ஊதினேன். உருண்டையைக் கசக்கிக் குப்பையில் போட்டார். அதற்கடுத்த நாள் நான் வேண்டுமென்றே, "தோத்துப் போறது சில பேருக்குப் பழகிருச்சு" என்று முணுமுணுத்தேன். உங்கள் குடும்பத்துக்கே அந்தச் சொல் ஆகாதே. நாற்காலியைத் திருப்பினார். மஃப்ளரை இறக்கினார். ஊதினார். காற்று இடப்பக்கமாகப் போய்விட, உருண்டை ஒரு கட்டைவிரல் தூரம்கூட நகரவில்லை. விரலால் வாயோரத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஊதினார். அது என் பக்கம் வந்து விழுந்தது.

"வெரல் பிடிச்சா ஃபவுலு மதினி."

"அந்தப் பொண்ணே பிடிக்கலாம்னு சொல்லிருக்கா. நீ ஆட்டத்தப் பாருடி."

அவர் என்னை 'டி' போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

பிறகு ஒவ்வொன்றாக வந்தன. வேலையிலிருந்து சோப்புத் தண்ணீர் கொஞ்சம் கொண்டுவந்தேன். தீர்ந்துபோன பேனாவின் குழலை அதில் முக்கி, வாசற்படியில் உட்கார்ந்து குமிழி விட்டோம். பனி மூடிய சன்னல் கண்ணாடியில் விரலால் படம் போட்டு, இது என்ன மிருகம் என்று கேட்டுக்கொண்டோம். அவர் வரைந்த காட்டெருமை வாத்து மாதிரி இருந்தது. கண்ணாடியை மறுபடி நேராக மாட்டி, யார் முகத்தை அதிகம் கோணுவது என்று பார்த்தோம். "எனக்கு ஏற்கெனவே பாதி கோணிருக்கு, நீதான் கஷ்டப்படணும்" என்றார். நான் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டேன். இந்த ஆட்டங்களுக்காகக் கடையில் வாங்கியது என்று எதுவுமில்லை.

உதடு ஒட்டவைக்க அவரே ஓர் ஆட்டம் கண்டுபிடித்தார். அடுக்களைதான் பஸ். கரண்டியைக் கையில் தூக்கிக்கொண்டு, கண்டக்டர் மாதிரி, "பெருமாள்மலை, பண்ணைக்காடு, பூம்பாறை, பள்ளங்கி. ஏறுறவுக வெரசா ஏறுங்க" என்பார். ஒரே பஸ் அத்தனை ஊருக்கும் எப்படிப் போகும் என்று கேட்டதற்கு, "எம் பஸ்ஸு போகும்" என்றார். முதலில் எல்லா ஊரும் காற்றாக வந்தது. மாசி முடியும்போது பூம்பாறை பூம்பாறையாகவே வந்தது.

ஒருநாள் குமிழி விட்டுக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். "இப்ப அவன் இருந்தா என்னப் பாத்துச் சிரிச்சிருப்பான்ல?"

"இல்ல மதினி. அவரும் வாயக் கோணிக்கிட்டு உங்க பக்கத்துல உக்காந்திருப்பாரு."

மதினி பேனாக் குழலைப் படியில் வைத்தார். பிறகு சொன்னார்: "அம்மா போகும்போது அவன் கைப்பிள்ளை. எனக்குப் பாவாடை வயசு. தெருவுல பிள்ளைக நொண்டி ஆடும். நான் இவன இடுப்புல வச்சிக்கிட்டு நின்னு பாப்பேன். எறக்கி விட்டா அழுவான். வெளையாடத் தெரியாதுடி எனக்கு. பழகவே இல்ல." நான் பேனாக் குழலை அவர் கையில் கொடுத்தேன். வாங்கி ஊதினார். பெரிய குமிழி. அது வேலியைத் தாண்டும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நீங்கள் இதை அறிந்திருந்தீர்களா? அவர் திட்டத் திட்ட நீங்கள் இன்னும் கூத்தடித்தது அதனால்தானா? இடுப்பை விட்டு இறங்காத பிள்ளை, வளர்ந்தபின் அக்காவை விளையாடக் கூப்பிட்டுக்கொண்டே இருந்ததா?

போன ஞாயிற்றுக்கிழமை மதினி மஃப்ளர் இல்லாமல் கோயிலுக்கு வந்தார். வாயின் இடது ஓரம் இன்னும் கொஞ்சம் பின்தங்கித்தான் வருகிறது. அப்படியே ஏறிப்போய் நின்று வாசித்தார். 'ப' வரும் சொல் ஒவ்வொன்றுக்கும் முன்னால் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஓரிடத்தில் நழுவியது. நிறுத்தினார். அந்தச் சொல்லை மறுபடி நிதானமாகச் சொல்லிவிட்டு மேலே போனார். கடைசி பெஞ்சிலிருந்து பார்த்த எனக்குக் கண் மறைத்தது.

பூசை முடிந்து வெளியே வந்தால் ஒரே மேகம். கோயிலிலிருந்து இறங்கும் சரிவில் கீழே இருக்கும் கேட் தெரியவில்லை. மதினி முந்தானையை இடுப்பில் செருகினார். அக்கம்பக்கம் பார்த்தார். "ஏ ஜெசி, கேட்டு வரைக்கும் யாரு வெரசா போறான்னு பாப்பமா? ஓடக் கூடாது, நடைதான்" என்றார். நான் பதில் சொல்வதற்குள் கிளம்பிவிட்டார். மேகத்துக்குள் அவர் செருப்புச் சத்தமும் சிரிப்பும்தான் கேட்டன. அதைப் பிடித்துக்கொண்டு நானும் இறங்கினேன்.

கேட்டில் சாய்ந்து நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். சிரிப்பு முகம் முழுக்க இருந்தது. உங்கள் சாயல் அவருக்கு இருப்பதை அப்போதுதான் பார்த்தேன்.

உங்கள் அக்காவை இனி ஓரமாக நின்று பார்க்க விடமாட்டேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு. அவர் கூப்பிட்டால் கையில் ஈரத்துணி இருந்தாலும் போட்டுவிட்டு வருவேன். அவர் கூப்பிடாத நாளில் நான் கூப்பிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவியும் உங்கள் அக்காவின் கூட்டாளியுமான
ஜெசிந்தா