மறுபடியும் அதே காட்சி

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

பி.எட். மாணவர்கள் வகுப்பறைச் சிக்கல்களை நடித்துப் பார்த்தே கற்கட்டும் என்று நான் ஆரம்பித்ததை 'கூத்து' என்று சிரித்தீர்களே, அந்தக் கூத்து நேற்று ரத்தத்தில் முடிந்தது.

கோபக்கார ஆசிரியராக ஒரு மாணவன், அடங்காத பிள்ளையாக நான். அவன் மர ஸ்கேலைச் சும்மா ஓங்கத்தான் செய்தான். அதற்குள் நான் பெஞ்சுக்கடியில் சுருண்டு, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு, "இனிமே வாயே திறக்க மாட்டேங்க" என்று கதறிவிட்டேன்.

வகுப்பே கை தட்டியது. "செம நடிப்பு மேடம்! எங்க கத்துக்கிட்டீங்க?"

வீட்டு விஷயத்தை வெளியே பேசுகிறவளா நான்?

நடித்தபின் உட்கார்ந்து பேசுவோம், பிறகு அதே காட்சியை வேறு விதமாக நடிப்போம். அதுதான் முறை. பின்வரிசைப் பெண் ஒருத்தி கேட்டாள்: "அந்தப் புள்ள அவர் கையப் பிடிச்சிருக்கலாமே மேடம்?"

அவன் மறுபடி ஓங்கினான். பிடித்தேன். முறுக்கினேன். ஸ்கேல் விழுந்தபிறகும் விடவில்லை. அவன் முகத்தை மேசை விளிம்பில் மோதினேன், மூக்கு உடைந்தது. நாலு பேர் சேர்ந்துதான் என்னைப் பிய்த்து எடுத்தார்கள்.

பாவம், ஊரான் பிள்ளை. அந்த அடி அவனுக்குச் சேரவேண்டியதே இல்லை.

இதை உங்கள் பைக் சாவிக்கடியில் வைத்துவிட்டு, அவனிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறேன். சாயங்காலம் வழக்கம்போல வீட்டுக்கு வருவேன். நீங்களும் வழக்கம்போலக் கையை ஓங்குங்கள்.

உங்கள் மனைவி