எஃப் ரெண்டில் ஆக்னஸ்

15 பிப்., திங்கள்

மாசி பிறந்ததும் இந்த வெயில். கரண்ட் ரெண்டு தடவை போச்சு. பேட்டரி தாங்கியது.

ஹை வோல்டேஜில் போன டெர்மினல் போனதுதான். புதுசு கேட்டால் மேனேஜர் மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிறார். எங்கள் கம்ப்யூட்டர் சென்டரில் மூணு பேருக்கு ஒரே திரை, ஒரே கீபோர்டு. ஆல்ட்டோடு எஃப் 1 அழுத்தினால் என் வேலை வரும். எஃப் 2 கூட டைப் அடிக்கும் ஆக்னஸ். எஃப் 3 மேனேஜர். ஒருத்தர் எழுந்தால் அடுத்தவர் உட்கார வேண்டும். யாரும் லாக்-அவுட் பண்ணக்கூடாது, மறுபடி உள்ளே போவது நேர விரயம் என்பது அவர் சட்டம். மெஷினும் ராத்திரி பகலாக ஓடணும்.

மூணும் பார்க்க ஒரே மாதிரி. கறுப்பில் பச்சை எழுத்து. குழப்பம் வேண்டாமென்று வரி தொடங்கும் இடத்தில் அவரவர் பேர் தெரிகிற மாதிரி வைத்திருந்தேன். இன்று எடுக்கச் சொல்லிவிட்டார்.

"பார்ட்டி வந்து பாத்தா என்னங்க நெனைப்பாங்க? சின்னப்புள்ள வெளையாட்டாட்டம் இருக்குது."

எடுத்தாச்சு. இனி எல்லாத்திலும் வெறும் டாலர் குறி.

வாங்க: பிரிண்டர் ரிப்பன் 2, ஃப்ளாப்பி 1 பாக்ஸ் (எத்தனை தடவைதான் கேட்பது), வீட்டில் செல்விக்குத் தலைவலித் தைலம்.

17 பிப்., புதன்

விபூதிப் புதன். சர்ச்சில் பூசை முடிந்து, விபூதி பூசிக்கொண்டு லேட்டாக வருவேன் என்று ஆக்னஸ் நேற்றே சொல்லியிருந்தாள். நானும் மேனேஜரும் மட்டும்.

டிஸ்க் நிரம்பிவிட்டதாம். தன்னுடைய பழைய ஃபைல்களை அழிக்க உட்கார்ந்தார். நான் பின்னால் பிரிண்டரில் பேப்பர் மாட்டிக்கொண்டிருந்தேன். எஃப் 2 அழுத்தினார். என் கண்ணால் பார்த்தேன். வாயெடுப்பதற்குள் எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லி என்டர் தட்டிவிட்டார்.

"எஃப் மூணுதானங்க இது?"

பேப்பரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். அவருக்கே தெரிந்துபோச்சு. முகத்தைத் துடைத்துக்கொண்டு ரூமுக்குள் போனார்.

நர்சிங் ஸ்கூல் மார்க் மொத்தமும் காலி. தை மாசம் முழுக்க ஆக்னஸ் அடித்தது. காப்பி எடுக்க ஃப்ளாப்பி ஏது?

பதினொரு மணி வாக்கில் வந்தாள். நெற்றியில் விபூதி. உட்கார்ந்து தேடினாள்.

"அண்ணா, என்னோடது ஒண்ணையுங் காணோங்கண்ணா."

வேர்வையில் விபூதி மூக்குவரை வழிந்திருந்தது.

18 பிப்., வியாழன்

மேனேஜர் ஸ்கூலுக்கு ஃபோன். "எங்க பொண்ணு ஒண்ணு தெரியாம அழிச்சிருச்சுங்க." அவளைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டே.

"நான் கோயில்ல இருந்தேங்க சார்."

"செவ்வாக்கெழம போறப்பவே அழிச்சிருப்ப."

அடப்பாவி. அழித்தது அவள் பேரில் திறந்திருந்த இடத்தில். அவருக்கு அது போதும்.

வீட்டில் சொன்னேன். செல்வி: "அடுத்த மாசம் பர்மனன்ட் பண்றோம்னு சொல்லியிருக்காங்க. வூட்ல ரெண்டு புள்ளைங்கள வெச்சுக்கிட்டு உங்களுக்கு எதுக்குங்க இந்த வம்பு?"

நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் சொல்லிக் கேட்டபோது அசிங்கமாக இருந்தது.

19 பிப்., வெள்ளி

சேலத்திலிருந்து முதலாளி வந்தார். மூணு பேரையும் கூப்பிட்டார்.

ஆக்னஸ் என்னைக் காட்டினாள். "அண்ணனக் கேளுங்க சார். புதன்கெழம காலைல அவருதான் இருந்தாரு."

"நீ பாத்தியாப்பா?"

மேனேஜர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கவனிக்கலீங்க சார். பேப்பர் மாட்டிட்டு இருந்தேன்."

பேப்பர் மாட்டியது நிஜம்தான்.

"மார்க் பேப்பர் எல்லாம் பத்திரமா இருக்குதுங்க சார். மறுபடியும் உக்காந்து அடிச்சுத் தரேன்" என்றாள். யார் காதிலும் விழவில்லை. இனி வர வேண்டாம் என்றுவிட்டார்கள்.

பஸ் ஸ்டாண்ட் வரை கூடவே நடந்தேன். எதற்கு நடந்தேன் என்று தெரியவில்லை. பொம்மிடி பஸ் வந்தது.

"அண்ணியக் கேட்டதாச் சொல்லுங்கண்ணா." ஏறிவிட்டாள்.

திட்டியிருக்கலாம். செருப்பால் அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

செல்வியிடம் சொல்லவில்லை.

20 பிப்., சனி

கரண்ட் போகவில்லை. ரிப்பன் வந்தது. ஃப்ளாப்பியும், முழு பாக்ஸ். மேனேஜர் டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன்.

மார்க்கை இனி நான் அடிக்க வேண்டும். "எஃப் ரெண்டு சும்மாதான இருக்குது, அதுலயே உக்காருங்க" என்றார்.

அழுத்தினேன். யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று மெஷினைக் கேட்டேன். மூணு பேர் காட்டியது. நான், மேனேஜர், நடுவில் ஆக்னஸ். அவளை லாக்-அவுட் பண்ண யாருக்கும் தோன்றவில்லை.

டாலர் குறி. பக்கத்தில் கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது. அவள் பேரிலேயே முதல் மார்க்கை அடித்தேன்.