பீரோவுக்குள் பெருங்காயம்

அமிர்தம் நான்கு நாளாகக் கணவர் பஞ்சநதத்திடம் பேசவில்லை. கோதுமை, மைதா, ரவை எதுவும் அவள் குடலுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லி மூன்று மாதமாகிறது. எல்லாவற்றையும் நிறுத்திய பிறகும் வயிற்றுவலி விடவில்லை. "பாபநாசம் கடைத்தெருவுல திருட்டுத்தனமா பரோட்டா தின்னிருப்பே" என்று அவர் சொல்லிவிட்டார். மூன்று வேளையும் அரிசி வேகும் வீட்டில் கோதுமை வேறெப்படி நுழையும்?

இன்று விடிந்ததும், அவள் குளித்துக்கொண்டிருந்தபோது, காப்பித்தூள் தேடியவர் கையில் பெருங்காய டப்பா அகப்பட்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். சேர்மானப் பட்டியலில் 'கோதுமை மாவு' என்று போட்டிருந்தது. வயலுக்குத் தண்ணீர் வைக்க ஓட வேண்டும். காலண்டர் தாளைக் கிழித்து எழுதினார்:

"அமிர்தம், குத்தவாளி நீ இல்ல, பெருங்காயம். தினமும் ரசத்துல நாமளே போட்டுருக்கோம். டாக்டர்கிட்ட காட்டணும்னு டப்பாவப் பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன். சாம்பாரையும் பொடியையும் தொடாதே, இட்லிக்குச் சர்க்கரை தொட்டுக்க. நான் சொன்னது தப்புதான்.

வலங்கைமான் கல்யாணத்துக்கு நீ போய்ட்டு வா. அங்கயும் ரசம் வேணாம்."

தாளின் ஓரத்தில் இடுக்கி இன்னும் ஒரு வரி சேர்த்தார்: "உன் நகையும் பீரோவுலதான் இருக்கு. சாவி என் மடியில."

சாவியை அந்தத் தாளோடு வைத்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் வைக்கவில்லை.

எட்டு மணிக்குப் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்தபடி அமிர்தம் வரப்பில் வந்து நின்றாள்.

"சாவியக் குடுங்க."

பஞ்சநதத்துக்குத் தெளிவாகவே கேட்டது.

"என்னது? இன்னொரு தடவ சொல்லு" என்றார்.